செருகியது யார்?

நம் நாட்டில் எதற்குத்தான் ரிஜிஸ்டர் இல்லை? கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டு. ஆபீஸ் வாசலில் அட்டெண்டன்ஸ். அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் நீட்டும் நீள நோட்டு. அதில் 'யாரைப் பார்க்க?' என்கிற கட்டத்தில் 'மாமா' என்று எழுதிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த மாமா, யாருக்கு மாமா என்று யாரும் கேட்பதில்லை. எழுதியாகிவிட்டது. அதுதான் முக்கியம்.

எங்கள் திருத்தணி எல்லையோர ஊர். கொஞ்ச தூரம் வடக்கே போனால் பொன்பாடி சோதனைச் சாவடி. தாண்டினால் ஆந்திரா. சந்தேகம் வந்தால் லாரியை நிறுத்துவார்கள், தார்ப்பாயைத் தூக்குவார்கள், டிரைவரின் பூர்வீகம் வரைக்கும் விசாரிப்பார்கள். மலைக்கு ஏறினால் முருகன் சந்நிதிக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை. ஒரு நாளைக்கூடக் கணக்கில் விடாத ஊர் என்று நாங்கள் தாராளமாகப் பீற்றிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊரிலும் ஓர் ஆசாமி எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடாமல் ஆபீஸுக்குள் நுழைந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடுகிறார். உயரம் இரண்டு அங்குலம். திருநாமம் பென் டிரைவ்.

இவருடைய ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். யு.எஸ்.பி. என்கிற அந்தச் செவ்வக ஓட்டை 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவுக்குத் தலைமை தாங்கிய அஜய் பட், பரோடாவில் படித்த இந்தியர். எப்படிச் செருகினாலும் முதல் தடவை போகாதே, ஏன் சார்? இரண்டு பக்கமும் போகிற மாதிரி செய்தால் செலவு கூடும் என்று விட்டுவிட்டோம் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பென் டிரைவ் கடைக்கு வந்தது 2000-ல். அப்போது அதன் வயிறு 8 எம்.பி.தான். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 64 ஜி.பி. டிரைவ் அதைப்போல எட்டாயிரம் மடங்கு. ஒரு கம்பெனியின் பத்து வருஷக் கணக்கும் உள்ளே போய், மூலையில் சினிமா பாட்டுக்கும் இடம் இருக்கும். விலை? நாலு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டு காபி குடிக்கிற பில்.

பாட்டு என்றேனே, விவகாரமே அங்கேதான் ஆரம்பித்தது.

* * *

நான் பி.காம். பத்திரிகைக்கு எழுதுவது வயிற்றுக்குப் போதாது என்பதால் (ஆசிரியர் கவனிக்க!) வாரத்தில் மூன்று நாள் ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சுற்றுவட்டாரம் முழுக்க விசைத்தறி. நூலுக்குக் கேட்பு உண்டு, போட்டியும் உண்டு. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஒருநாள் காலை முதலாளி முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். எங்கள் கடையின் பார்ட்டி லிஸ்ட், யாருக்கு என்ன ரேட், எத்தனை நாள் கடன், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் அத்தனையும் எதிர்ப்பார்ட்டி கையில் இருக்கிறதாம். அந்த ஆள் ஒவ்வொரு தறிக்காரரிடமும் போய், நாங்கள் கொடுக்கிற ரேட்டுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அதுவும் எங்கள் லிஸ்ட் வரிசைப்படியே!

"எல்லாம் அந்தப் பையன் வேலைதான்" என்றது ஒரு குரல். முதலாளியின் மைத்துனர்.

அந்தப் பையன் எங்கள் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். இருபத்துமூன்று வயசு. நகரியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவான். பில் போடுவது, ஸ்டாக் ஏற்றுவது, ஜி.எஸ்.டி. சமாச்சாரம் எல்லாம் அவன்தான். அவன் மேல் இருந்த சாட்சியங்களை வரிசைப்படுத்துகிறேன், கேளுங்கள். ஒன்று, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் வைத்திருப்பான். (தெலுங்குப் பாட்டு. பஸ் டிரைவர் சிநேகிதராம். வழியெல்லாம் இவன் பாட்டுதான்.) இரண்டு, எதிர்ப்பார்ட்டி கடையும் நகரிப் பக்கம். மூன்று, அவன் 'அந்தப் பக்கத்து ஆள்'.

மூன்றாவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரைக்கும் திருத்தணியே ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. நாமே அந்தப் பக்கத்து ஆளாக இருந்தவர்கள்தானே? எங்கள் ஊரில் பாதிப் பேர் காலையில் தமிழில் காபி கேட்டு, சாயங்காலம் தெலுங்கில் சண்டை போடுவார்கள். ஆனால் ஒரு பொருள் காணாமல் போனால் போதும், எல்லைக்கோடு எங்கிருந்தோ எழுந்து ஆபீஸ் நடுவில் வந்து படுத்துக்கொள்கிறது.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நேனு காது சார்… நான் இல்ல சார்" என்றான் இரண்டு மொழியிலும். அப்புறம் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, நின்றான். மொட்டைத் தலை. பன்னிரண்டு நாள் முன்பு ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து முடி கொடுத்தது, அப்போதுதான் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"நான் இல்லை" என்பதை எப்படி நிரூபிப்பது சொல்லுங்கள். செய்ததற்கு ரசீது இருக்கும். செய்யாததற்கு யார் ரசீது தருவார்கள்? கேமரா இருந்தது. அது கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரூபாயைக் காவல் காக்க ஆள் போட்டிருந்தோம். ரூபாய் எங்கிருந்து வருகிறது என்கிற லிஸ்டைத் திறந்த வாசலில் வைத்திருந்தோம். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு உண்டு. கடை பெயர், பக்கத்தில் 123. எல்லோருக்கும் தெரியும். டீ கொண்டுவருகிற பையனுக்கும் தெரிந்திருக்கும்.

"நாளையோட கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க" என்றார் முதலாளி என்னிடம்.

* * *

காலேஜில் என்னோடு படித்த நண்பன் ஒருவன், படிப்பை முடித்து ஆடிட்டராகி, அதிலும் கம்ப்யூட்டர் ஆடிட் என்கிற தனிப் பிரிவுக்குப் போய்விட்டவன். சென்னைவாசி. அவனுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை முருகனைப் பார்க்க வரேன்டா. அதுவரைக்கும் அந்த மெஷினை யாரும் தொடாதீங்க. எதையும் செருகாதீங்க. ஷட் டவுன் பண்ணிப் பூட்டுங்க" என்றான். சாமி கும்பிட வருகிறவனுக்குப் பஞ்சாமிர்தம் கொடுப்பார்கள். நாங்கள் கம்ப்யூட்டரைக் கொடுத்தோம்.

வந்தவன் முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் கடிகாரத்தையும் தன் போன் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "கடிகாரம் தப்பா இருந்தா சாட்சி மொத்தமும் தப்பு" என்றான்.

அப்புறம் அவன் காட்டியது எனக்குப் புதுசு. எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் விண்டோஸ் சும்மா இருப்பதில்லையாம். 'புதுசா ஒருத்தர் வந்திருக்கார்' என்று தன் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மூலையில் குறித்துக்கொள்கிறது. என்ன கம்பெனி, என்ன மாடல், சீரியல் நம்பர் என்ன. முதல் தடவை செருகிய தேதியும் நேரமும் தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலும் விழுகிறது. கடைசியாகச் செருகியது எப்போது, பிடுங்கியது எப்போது என்பதும் உண்டு. நம்ம வீட்டுக் கிழவி திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைக் கவனிக்கிற மாதிரி, யாரும் சொல்லாமலே இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

"எல்லா டிரைவுக்கும் நம்பர் இருக்குமா?" என்றேன்.

"மலிவு சரக்குல இருக்காது. அப்ப விண்டோஸே ஒரு நம்பர் வெச்சுக்கும். அதை நம்பி 'இதே டிரைவ்தான்'னு சத்தியம் பண்ண முடியாது. இங்க இருக்கறதுக்கு ஒரிஜினல் நம்பர் இருக்கு. அதிர்ஷ்டம்" என்றான்.

பையனுடைய டிரைவின் நம்பரைத் தன் லேப்டாப்பில் பார்த்துக் குறித்துக்கொண்டான். எங்கள் மெஷினில் தேடினான். இல்லை. அந்தப் பாட்டு டிரைவ் அந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்ததாக ஒரு தடமும் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. முதல் தடவையும் கடைசித் தடவையும் ஒரே நாள். செருகியது காலை 11 மணி 47 நிமிஷம். பிடுங்கியது ஒன்பது நிமிஷம் கழித்து. தேதி?

ஆடிக் கிருத்திகை. கடைக்கு லீவு.

பையன் தன் போனை எடுத்து நீட்டினான். அதே நாள், அதே பதினொன்றே முக்கால் சுமாருக்கு எடுத்த போட்டோ. மலை மேல் கூட்டம். நடுவில் தோளில் புஷ்பக் காவடி, தலையில் சந்தனம் பூசிய மொட்டை. பக்கத்தில் அவன் அம்மா.

முதலாளி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அப்புறம் மேஜை மேலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். கடைக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம். இன்னொன்று யாரிடம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நண்பன் மட்டும் வக்கீல் மாதிரி பேசினான். "சார், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இன்ன டிரைவ், இன்ன நேரம் உள்ளே வந்துச்சுனுதான் இது சொல்லும். யார் கைனு சொல்லாது. எல்லாரும் ஒரே பேர்ல லாக்-இன் பண்றீங்க. என்ன ஃபைல் போச்சுனும் சொல்லாது. அதுக்குத் தனி ஆடிட் இருக்கு, முன்னாடியே போட்டு வெச்சிருக்கணும். இந்தப் பையனோட டிரைவ் இங்க வந்ததுக்கு ரெக்கார்டு இல்லை. அவ்வளவுதான் நான் எழுதிக் கொடுப்பேன்."

அந்த 'அவ்வளவுதான்' போதுமானதாக இருந்தது.

* * *

டீ வந்தது. முதலாளிக்கு இன்னும் ஆறவில்லை. "இத்தனூண்டு சாமானுக்கு இம்மாம் அமர்க்களமா?" என்றார்.

நண்பன் ஆரம்பித்தான். விசாகப்பட்டினத்தில் நம் கிழக்குக் கடற்படையின் தலைமையகம் இருக்கிறது. முக்கியமான கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டே கிடையாது. பென் டிரைவுக்கும் தடை. அப்படியும் 2012 ஜூலையில் பேப்பரில் செய்தி வந்தது. பென் டிரைவில் ஒரு வைரஸ் ஏறி, அதற்குள்ளேயே ஒளிவாக ஒரு ஃபோல்டர் செய்துகொண்டு, ஃபைல்களைத் திரட்டியிருக்கிறது. அந்த டிரைவை வெளியே இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரில் செருகியதும், திரட்டியதைச் சீன முகவரிகளுக்கு அனுப்பிவிட்டதாம். எந்தக் கம்பியும் இல்லாத கோட்டைக்குப் பென் டிரைவே பாலமாகிவிட்டது.

2008-ல் அமெரிக்க ராணுவத்துக்கும் இதே கதி. மத்தியக் கிழக்கில் ஒரு தளத்தில் யாரோ செருகிய ஒரு டிரைவ். அந்த வருஷ நவம்பரில் பென் டிரைவே வேண்டாம் என்று பென்டகன் தடை போட்டது. ஈரானில் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவும் பென் டிரைவில் சவாரி செய்யத் தெரிந்த கிருமிதான். ஈரானுக்கு விட்ட அம்பு ஊரெல்லாம் சுற்றியது. சைமன்டெக் கம்பெனி கணக்கெடுத்தபோது, அது அதிகம் தொற்றிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. ஒலிம்பிக்கில் கிடைக்காவிட்டாலும் இதில் வெண்கலம்!

"கீழே கிடந்தா யாராவது எடுத்துச் செருகுவாங்களா?" என்றார் முதலாளி.

செருகுவார்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே போட்டுவைத்துச் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. 135 டிரைவ்களில் இருந்த ஃபைலை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். கிட்டத்தட்ட பாதி. முதல் ஆசாமிக்கு ஆறு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.

* * *

அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது விண்டோஸ் தானாகக் கிறுக்கி வைத்த சிட்டை. அதை நம்பிக் கடை நடத்த முடியாது. ஒரு பெரிய அப்டேட் வந்தால், ரொம்ப நாள் ஆனால், சுவடு கலைந்துபோகலாம். முறையான டே புக் என்றால் நாமே சொல்லிவைத்து எழுத வைப்பதுதான். நண்பன் போட்டுக்கொடுத்த ஏற்பாட்டை, பி.காம். பாஷையில் சொல்கிறேன்.

முதலில் பதிவைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 10 முதல், புதிதாக ஒரு சாதனம் வெளியிலிருந்து வந்தால் 6416 என்கிற நம்பரோடு செக்யூரிட்டி லாகில் ஒரு வரி விழும். ஆனால் அதற்கான ஆடிட் பாலிசியை நாம் போட்டுவைத்தால்தான் விழும். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் அதில் வரும். சார்ஜ் போடுகிறேன் என்று செருகுகிற போனும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, நோட்டுக்குப் பக்கம் வேண்டும். அந்த லாகுக்கு விண்டோஸ் ஒதுக்குவது சாதாரணமாக 20 எம்.பி.தான். நிரம்பினால் பழைய வரியை அழித்துப் புதுசை எழுதும். ஆகவே அளவைக் கூட்டி, அவ்வப்போது வேறு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிட வேண்டும். எத்தனை நாள் வைப்பது? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு, கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரங்களும் சரியாக இருக்கவேண்டும். பெரிய ஊடுருவல் மாதிரி எதுவும் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் போகவேண்டும். 180 நாள் என்றால் எங்கள் மலையில் பாதிப் படிகூட இல்லை. அதுகூட ஏறமாட்டேன் என்றால் எப்படி?

மூன்றாவது, ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பத்துப் பேரும் 'அட்மின்' என்று நுழைந்தால், லாக் என்பது அபார்ட்மென்ட் நோட்டில் எழுதிய 'மாமா' மாதிரிதான்.

நான்காவது, பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது. கல்லாவில் உட்காருகிறவர் கையில் பேரேட்டைக் கொடுக்காதே. லாகைப் பார்க்கிறவரும் கம்ப்யூட்டரை ஆள்கிறவரும் ஒருவராக இருக்கக்கூடாது. யாராவது செக்யூரிட்டி லாகை மொத்தமாக அழித்தால், 'இன்னார் அழித்தார்' என்று 1102 என்ற நம்பரில் புதிதாக ஒரு வரி விழும். நோட்டைக் கிழித்தால் கிழித்தவன் பெயர் அட்டையில் வருகிற மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடித்த வரி.

எழுதினால் மட்டும் போதாது, தடுக்கவும் வேண்டும் என்கிறவர்களுக்கு, நம் அரசின் சி-டாக் நிறுவனம் செய்த 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்கிற மென்பொருள் இருக்கிறது. 2017-ல் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் தொடங்கியபோது வெளிவந்தது. அனுமதித்த டிரைவ் மட்டும் உள்ளே, மற்றது வெளியே.

* * *

பையனிடம் முதலாளி மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "ஒண்ணும் மனசுல வெச்சிக்காதே" என்றார். முதலாளிகளின் அகராதியில் இரண்டும் ஒன்றுதான். சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டவும் செய்தார். மைத்துனர் கொஞ்ச நாள் கடைப் பக்கம் வரவில்லை. முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. லாகும் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பையன் வேலையை விட்டுவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி. "ஏம்பா, எல்லாம்தான் சரியாப் போச்சே?" என்றேன்.

"சரியாப் போச்சுண்ணா. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் அன்னைக்குப் பேசலேன்னா, எனக்காக யாரு பேசியிருப்பாங்க? மூணு வருஷம் வேலை செஞ்சிருக்கேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக இடைவிடாமல் எழுதப்பட்ட ஒரு லாக் அங்கே இருந்தது. ஒரு நாள் லேட்டாக வராதவன், ஒரு பில்லில் தப்பு விடாதவன் என்று. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மனுஷனைப் படிக்க மெனக்கெடாதபோதுதான் மெஷினைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ரிஜிஸ்டர் என்றாலே திருடனைப் பிடிக்க என்று நினைக்கிறோம். திருடன் புத்திசாலியாக இருந்தால் ரிஜிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போவான். அவன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், திருடாதவனுக்கு அந்த ஒரு வரிதான் துணை. 'நான் இல்லை' என்பதற்கு உலகத்தில் கிடைக்கிற ஒரே ரசீது அதுதான்.

ஆகவே ஆபீஸ் நண்பர்களே, நாளைக்கு உங்கள் மேஜைக்கு வந்து, "இனிமே யார் எதைச் செருகினாலும் பதிவாகும்" என்று சிஸ்டம் ஆசாமி சொன்னால், 'நம்மை வேவு பார்க்கிறான்' என்று முறைக்காதீர்கள். டீ வாங்கிக்கொடுத்து உட்கார வையுங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்:

"முதலாளி மெஷினுக்கும் உண்டா சார்?"